எலும்புகளைச் சுமந்து வந்தவர்கள்

ஆபிரகாம் வாங்கிய நிலம் சில மாதங்களாக என் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. எபிரேயர்களின் கதையில் கடவுள் அந்த மனிதருக்குக் கானான் தேசம் முழுவதையும் தருவதாகத் திரும்பத் திரும்ப வாக்குக் கொடுக்கிறார். வானத்து நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார், நாலு திசையிலும் கண்ணுக்கு எட்டும் மண்ணெல்லாம் உன் சந்ததிக்கு என்கிறார். ஆதியாகமத்தின் இருபத்து மூன்றாம் அதிகாரத்துக்கு வரும்போது மனைவி சாராள் இறந்து கிடக்கிறாள். அவளைப் புதைக்க ஓரடி மண் அவரிடம் இல்லை. எபிரோன் ஊர்வாசலில் ஏத்தின் மக்கள் முன்பாக எழுந்து நின்று, நான் உங்கள் நடுவே தங்க வந்த பரதேசி, கல்லறைக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்கிறார். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான் நிலத்துக்காரன் எப்பெரோன். அதே மூச்சில், நானூறு சேக்கல் வெள்ளி பெறும், நமக்குள் அது என்ன பெரிது என்று விலையையும் சொல்லிவிடுகிறான். கிழவர் பேரம் பேசவில்லை, வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். மக்பேலாவின் வயல், அதிலுள்ள குகை, வயலின் எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஊர்வாசலுக்கு வந்த அத்தனை பேரும் சாட்சியாக அது அவருக்கு உறுதியாகிறது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று நான்கெல்லையும் மாவடை மரவடையும் வாசிக்கக் கேட்டவர்களுக்கு இந்தப் பகுதியின் தொனி உடனே பிடிபடும். ஒரு தேசமே உன்னுடையது என்று வாக்குப் பெற்றவரின் கைக்கு முதலில் வருவது பெண்டாட்டியைப் புதைக்கும் குழி, அதுவும் அந்நியனாக நின்று காசு கொடுத்து வாங்கியது. இதை மறைக்காமல், பெருமைப்படுத்தாமல், தங்கள் தொடக்கக் கதையின் நடுவிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வேறு இடத்திலிருந்து வந்த நாம் நம் கதையை இப்படிச் சொல்வதில்லை.

சுவா சூ காங்கில் குடியிருப்பதாலும் இந்த நினைவு ஒட்டிக்கொண்டிருக்கலாம். புளோக்குகளின் வரிசை முடிந்து 172 பேருந்து பழைய சுவா சூ காங் சாலைக்குள் போனதும் தீவின் இன்னோர் ஊர் தொடங்குகிறது. சிங்கப்பூரில் பிணத்தை மண்ணில் வைக்க இன்னும் இடம் கொடுக்கும் ஒரே மயானம் அங்கேதான் இருக்கிறது. சீனர், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள், இந்துக்கள், பார்சிகள், பஹாய்கள், யூதர்கள் எல்லோருக்கும் அங்கே தனித்தனிப் பகுதிகள். மழை விட்ட மறுநிமிடம் மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். தெங்கா விமானத் தளத்தின் போர் விமானங்கள் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தத் தளத்தை விரிவாக்க 80,000-க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகளைத் தோண்டி எடுக்கப்போவதாக 2017-ல் அறிவித்தார்கள். யூதர்களின் பகுதி சிறியது. எபிரேய எழுத்தும் ஆங்கில எழுத்தும் பொறித்த கற்கள், பூவுக்குப் பதிலாக வந்தவர்கள் வைத்துவிட்டுப் போகும் கூழாங்கற்கள். அங்கே கிடப்பவர்களில் பலர் முதலில் புதைக்கப்பட்ட இடம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்தும் கல்கத்தா வழியாகவும் வந்த யூத வணிகர்கள் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கல்லறை வைத்திருந்தார்கள். அது நிரம்பியபின் 1904-ல் தாம்சன் ரோட்டில் இன்னொன்று. 1980-களில் எம்ஆர்டி வந்தபோது இரண்டையும் காலி செய்தார்கள், எலும்புகள் சுவா சூ காங்குக்கு வந்து சேர்ந்தன. இன்று தோபி காட் நிலையத்தில் ரயில் மாறி ஓடுகிற கூட்டத்தில் நானும் அடிக்கடி ஒருத்தி. அந்த மண்ணில் ஒருகாலத்தில் பாக்தாத்துக்காரர்கள் கிழக்குக்கும் மேற்குக்கும் அலைந்து ஓய்ந்து படுத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்துவிட்டால் அன்று முழுக்க வேறு எதுவும் ஓடுவதில்லை.

எபிரேயர்களின் பழைய கதைகளில் எலும்புகள் நிறையப் பயணம் செய்கின்றன. யாக்கோபு எகிப்தில் சாகும் தறுவாயில் மகன் யோசேப்பின் கையைத் தன் தொடைக்குக் கீழே வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குகிறார், என்னை இந்த மண்ணில் புதைக்காதே என்று. நாற்பது நாள் சுகந்தமிட்டு, ரதங்களும் குதிரைகளும் சூழ, தாத்தா வாங்கிப் பாட்டியைக் கிடத்திய அதே மக்பேலா குகைக்கு அவரைக் கொண்டுபோகிறார்கள். யோசேப்பும் அதே சத்தியத்தைக் கேட்கிறார், ஆனால் அவருக்கு உடனே கிடைக்கவில்லை. ஆதியாகமம் என்ற நூலே எகிப்தில் ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்ட அவருடைய உடலோடு முடிந்துவிடுகிறது. உலகத்தின் படைப்பில் தொடங்கிய நூல் அந்நிய தேசத்துச் சவப்பெட்டியில் நிற்கிறது! பிறகு மோசே அந்த எலும்புகளைத் தூக்கிக்கொண்டு வனாந்தரத்துக்குள் போகிறார். அவை சீகேமில் மண்ணுக்குள் போவது யோசுவாவின் நூல் முடியும் இடத்தில். நடுவிலுள்ள சட்டங்கள், முறுமுறுப்புகள், மன்னா, பாம்புகள் அனைத்தின் ஊடாகவும் அந்தப் பெட்டி கூடவே வந்துகொண்டிருக்கிறது என்பதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடுகிறோம். 1979-ல் எருசலேமுக்கு வெளியே, இன்னோம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில், கேப்ரியல் பார்க்காய் தோண்டிய குகைக் கல்லறைகளில் இந்த மக்களின் பழக்கம் கண்கூடாகக் கிடைத்தது. பாறையில் வெட்டிய திண்ணையில் பிணத்தைக் கிடத்தி, சதை போனபின் எலும்புகளைத் திரட்டித் திண்ணைக்கு அடியிலுள்ள குழிக்குள் முன்னோர்களின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். முன்னோரோடு சேர்வது என்பது அங்கே ஒருவர் குனிந்து கையால் செய்யும் வேலை. அந்தக் குழியொன்றில்தான் விரல் நீளத்துக்கும் குறைவான வெள்ளிச் சுருள்கள் இரண்டு அகப்பட்டன. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் ஆசீர்வாத வரிகளைக் கீறிக் கழுத்தில் கட்டியவை. விவிலிய வாசகம் என்று நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பழையது, ஓர் எலும்புக் குழியிலிருந்து வந்தது.

இந்தப் பழக்கம் நமக்கு அந்நியமில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் தாழிகளுக்குள் கிடைத்தவை நம் ஆட்களின் எலும்புகள்தாம். புறநானூற்றில் ஒரு பெண் குயவனிடம் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். பிறகு எரிக்கத் தொடங்கினோம், இந்தத் தீவிலும் எங்களில் பெரும்பாலோர் மண்டாயில் எரிந்து கடலில் கரைகிறோம். ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது இங்கே தோண்டினால், தமிழர் வாழ்ந்தார்கள் என்பதற்கு எலும்பு அதிகம் கிடைக்காது. சுவா சூ காங்கிலும் 1998-லிருந்து ஒரு குழிக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள். அதன்பின் தோண்டி எடுத்து, எரிக்க மதம் இடம் கொடுப்பவர்களை எரித்துவிடுவார்கள், இடம் கொடுக்காத முஸ்லிம்களையும் யூதர்களையும் சின்னக் குழிகளில் மறுபடி வைப்பார்கள். இட நெருக்கடியில் ஓர் அரசாங்கம் போட்ட விதி, இன்னோம் பள்ளத்தாக்கின் பழைய வழக்கத்துக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதை அந்த விதியை எழுதிய அதிகாரி அறிந்திருப்பாரா தெரியவில்லை.

தொடக்கத்துக்கே வருகிறேன். இஸ்ரேல் என்ற பெயர் முதன்முதலாகக் கல்லில் ஏறியது எகிப்தில், சுமார் கி.மு. 1208-ல், மெர்னெப்தா என்ற பார்வோனின் வெற்றிக் கல்வெட்டில். 1896-ல் தீப்ஸில் பிளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கண்டெடுத்தார். பழைய மன்னன் ஒருவனின் கல்லைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் வெட்டியது. பெரும்பகுதி லிபியர்களை வென்ற கதை. கடைசியில் கானான் பக்கத்து வெற்றிகளாக அஸ்கலோன், கேசேர், யெனோவாம் என்று ஊர்கள் வருகின்றன, அடுத்து இஸ்ரேல். மற்றப் பெயர்களோடு ஊரைக் காட்டும் குறியைப் போட்ட எழுத்தன், இதற்கு மட்டும் ஓர் ஆணையும் பெண்ணையும் போட்டிருக்கிறான். ஊர் இல்லாத ஆட்கள் என்று அர்த்தம். அவர்களைப் பற்றி அவன் சொல்லும் செய்தி, அவர்கள் ஒழிந்தார்கள், விதைகூட மிஞ்சவில்லை என்பது. ஒரு மக்களைப் பற்றிய முதல் எழுத்தே அவர்களுடைய மரண அறிவிப்பாக இருக்கிறது. அதற்கடுத்த இருநூறு ஆண்டுகளில் கானானின் நடு மலைநாட்டில், முன்பு ஆள் அதிகமில்லாத முகடுகளில், இருநூறு இருநூற்றைம்பது குட்டி ஊர்கள் முளைத்ததை ஆய்வாளர்கள் நடந்து நடந்து எண்ணியிருக்கிறார்கள். மதில் இல்லை, அரண்மனை இல்லை, கோயில் என்று சொல்ல ஒன்றுமில்லை. மழைநீர்த் தொட்டி, படிக்கட்டு வயல், கழுத்தில் வளையம் வைத்த பெரிய சால்கள், அரிதாகவே கிடைக்கும் பன்றி எலும்பு. அந்தச் சால்களின் களிமண்ணும் சுட்ட விதமும் கீழேயிருந்த கானானியரின் குயவர் மரபைச் சேர்ந்தவை. எகிப்திலிருந்து பெருங்கூட்டம் ஒன்று பாலைவனத்தைக் கடந்து வந்ததற்கு மண்ணில் சுவடு அகப்படவில்லை. அந்த மலைவாசிகளில் பெரும்பாலோர் அந்த நாட்டுக்காரர்களே, நகரங்கள் சரிந்தபோது மேட்டுக்கு ஏறிய குடியானவர்களும் ஆடு மேய்த்தவர்களும் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் கருத்து.

இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். மண்ணின் மைந்தர்களாக இருந்திருக்கக்கூடிய ஒரு கூட்டம், தன் பிள்ளைகளுக்கு நாம் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. நம் தகப்பன் ஊர் ஊராக அலைந்தவன், நாம் பார்வோனுக்குச் செங்கல் அறுத்த அடிமைகள் என்று, அறுவடையின் முதல் கூடையைப் பீடத்தின்முன் வைக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என உபாகமத்தில் விதித்திருக்கிறது. வேர் ஆழம் என்று நிரூபிக்க எல்லோரும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும் காலத்தில் இதை வாசிக்கிறேன். கீழடி பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் இங்கே கைப்பேசிகள் அதிர்கின்றன, எனக்கும் நெஞ்சு விம்முகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தீவில் நாங்கள் ஆதியில் இருந்தவர்கள் இல்லையே. வந்தவர்கள். வந்த கதையைச் சொல்லச் சொன்னால் எங்கள் வாய் 1025-ல் தொடங்குகிறது, ராஜேந்திர சோழனின் கப்பல்களில். சிங்கப்பூர் ஆற்றின் வாயில் நின்று 1843-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்லின் மிச்சத் துண்டில் சோழன் பெயரைத் தேடாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. அதற்கடுத்து 1819-ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தவர், மாரியம்மன் கோயில் கண்டவர். 2019-ல் இருநூறாவது ஆண்டுக்காக ஆற்றங்கரையில் அவருக்கும் சிலை நிறுத்தினார்கள். அந்த வரிசையில் கைதிகள் இல்லை. 1825-ல் பெங்கூலனிலிருந்து முதல் கூட்டமாக இறக்கப்பட்டு, 1873 வரை சங்கிலியோடும் பிறகு சங்கிலி கழன்றும் இந்த ஊரின் சாலைகளைப் போட்ட, சதுப்பைத் தூர்த்த, மதராஸ் மாகாணத்து ஆட்களும் வங்காளத்து ஆட்களும். புனித ஆண்டுரு தேவாலயத்தின் வெள்ளைச் சுவரை அவர்கள்தான் எழுப்பிப் பூசினார்கள். அவர்களை மேற்பார்வையிட்ட மெக்நேர் 1899-ல் வெளியிட்ட நூலில் அந்தப் பூச்சின் பக்குவம் இருக்கிறது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டும். அது நம் வீட்டுச் சுவர்களின் பக்குவம். செங்கல் அறுத்ததை எபிரேயர்கள் வேதமாக்கினார்கள். சுவர் பூசியதை நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

யூதர்களோடு இத்தனை காலம் தோளோடு தோள் இருந்தும் அவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் விதம் எங்கள் காதில் விழவில்லை என்பது விசித்திரம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் போகும் சந்துக்குப் பெயர் பெலிலியோஸ். கல்கத்தாவிலிருந்து வந்து அந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் செய்த யூதர் அவர். தேக்காவின் பட்டிகளில் அந்த மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் 1878-ல் எழும்பிய மகைன் அபோத் தொழுகைக்கூடமும் கிருஷ்ணன் கோயிலும் ஒரே தெருவில். சிலெகி முனையிலுள்ள எல்லிசன் கட்டடத்தின் முகப்பில் 1924 என்ற ஆண்டும் ஆறுமுனை நட்சத்திரமும் இன்னும் இருக்கின்றன, அதன் கீழே எத்தனை முறை பேருந்துக்கு நின்றிருக்கிறோம். இன்னும் பின்னால் போனால், கேரளக் கரையில் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த உரிமைகள் செப்பேட்டில் வட்டெழுத்தில் பதிந்திருக்கின்றன. டேவிட் மார்ஷல் 1955-ல் இந்த ஊரின் முதல் முதலமைச்சரானபோது அவர் பாக்தாத் யூதரின் மகன் என்பதை யாரும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. அவர் பதவியிலிருந்த 1956-ல் வந்த அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கைதான் தமிழ்ப் பள்ளிகளையும் மற்ற மூன்று மொழிப் பள்ளிகளோடு சமமாக நடத்தச் சொன்னது. 1995-ல் இறந்த அவரும் சுவா சூ காங் மண்ணில்தான் இருக்கிறார்.

எபிரேயர்களின் அந்தக் கதையிலும் எனக்கு நிம்மதி இல்லை. அடிமைகளாக இருந்தோம் என்று சொல்லிப் பழகிய அதே நூல், சில பக்கம் தள்ளி, ஊர் ஊராக வெட்டிச் சாய்த்து நிலத்தைப் பிடித்தோம் என்றும் சொல்கிறது. எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், யோசுவாவுடையதென்று சொல்லப்படும் காலத்தில் அங்கே இடிந்து விழ மதிலே இருக்கவில்லை என்று 1950-களில் காட்டினார். நடக்காத படுகொலையாகவே இருக்கட்டும், அதைத் தங்கள் கதையாக விரும்பி எழுதினார்களே. அந்நியனின் மனம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்நியராக இருந்தவர்கள், அவனை ஒடுக்காதீர்கள் என்று யாத்திராகமம் கட்டளையிட்டும், அந்த நினைவு பின்வந்த கைகளைத் தடுக்கவில்லை. காஸாவின் குழந்தைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே எபிரேயர்களின் தொடக்கத்தைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. எபிரோனில் மக்பேலா குகையின் மேல் இன்று நிற்கும் கட்டடம் பள்ளிவாசலாகவும் தொழுகைக்கூடமாகவும் துண்டாகியிருக்கிறது. 1994-ல் அங்கே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களை ஒரு யூதன் சுட்டுக்கொன்றான். ஆபிரகாம் இறந்தபோது, ஆகாத சண்டையில் பிரிந்த பிள்ளைகள் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து வந்து அதே குகையில் தகப்பனை வைத்தார்கள் என்று ஆதியாகமத்தில் ஒரே ஒரு வசனம் இருக்கிறது. அதற்கு மேல் அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதியவர் சொல்லவில்லை. சுவா சூ காங்கில் இருவரின் வம்சத்துப் பிணங்களும் ஒரே மயானத்தில், ஒரே பதினைந்து ஆண்டுக் கெடுவின்கீழ் கிடக்கின்றன. இங்கே அது சாத்தியமாக இருப்பதற்கு அரசாங்கத்தின் விதிகள் தவிர வேறு காரணம் உண்டா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த அடிமைக் கதையை என்னால் கைவிட முடியவில்லை, அதன் காரணம் ஆய்வாளர்கள் சிலர் முன்வைக்கும் ஒரு யூகம். எகிப்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் உண்மையிலேயே தப்பி வந்திருக்கலாம் என்கிறார்கள், சில நூறோ சில ஆயிரமோ. மலையில் ஏற்கெனவே இருந்த குடியானவர்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டதோடு அவர்களுடைய கதையையும் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எகிப்தையே பார்த்திராத ஒருவன், என்னை அடிமைத்தனத்திலிருந்து கொண்டுவந்தார் என்று பிள்ளையிடம் சொல்லத் தொடங்கிய நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். பஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி ஏன் இந்த இரவு மட்டும் வேறாக இருக்கிறது என்று கேட்க, பெரியவர்கள் இன்றும் அடிமைத்தனத்திலிருந்தே பதிலைத் தொடங்குகிறார்கள். அந்த மலைவாசி சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரை முன்னோராக வைத்துக்கொள்வது என்பதில் அவன் ஒரு முடிவு எடுத்திருக்கிறான், ஜெயித்தவர்களை விட்டுவிட்டுத் தப்பி வந்தவர்களின் பக்கம்.

என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர், தன் காசில் டெக் டிக்கெட் எடுத்து. கைதி இல்லை என்பதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு, அதைக் கேட்டே வளர்ந்தேன். தங்கை மகள் இந்த ஆண்டு பள்ளியில் வம்சாவளிப் படம் வரைய வேண்டியிருந்தது. பெரியம்மா, நம்ம ஆளுங்க முதல்ல எப்போ வந்தாங்க, என்று கேட்டாள். அவளை ஆண்டுரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டி, 1825 என்று எழுது, என்றேன். வீட்டில் அதற்கு எதிர்ப்பு வந்தது. அவங்க நம்ம சொந்தமா, அத்தாட்சி இருக்கா என்று தங்கை கேட்டாள். இல்லை. இரத்தத்தில் இல்லை. முட்டையும் சுண்ணாம்பும் குழைத்த அந்த மனிதர்களை அந்தப் படத்தின் முதல் கட்டத்தில் போட்டுவிட்டோம், ரஜுலா இரண்டாவது கட்டத்தில். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர்கள் செய்த வேலையை எழுதச் சொன்னேன்.